வத்த வெச்சா குத்தமா? கோவளம் ரோட்டு உப்போட கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு பிடி கல்லுப்புல ஆரம்பிக்குது.

கொதிக்கிற தண்ணியில கல்லுப்பைப் போட்டா கரைஞ்சு காணாமப் போயிடும். உண்மையில எங்கயும் போகலை. தண்ணியை முழுக்க வத்த விட்டா, அடியில வெள்ளையா திரும்ப வந்துடும். இது இயற்பியல் மாற்றம். புளிச்ச இட்லி மாவைப் பழையபடி ஆக்க முடியாது, தீய்ஞ்ச கத்திரிக்காயும் அப்படித்தான். அது வேதியியல் மாற்றம்.

இப்போ ஓ.எம்.ஆர்.ல கேளம்பாக்கம் வந்து, கோவளம் ரோட்டுல திரும்புங்க. பாத்தி பாத்தியா உப்பளம். அங்க நடக்கிறதும் நம்ம பாத்திரத்துல நடந்த அதே மாற்றம்தான். அடுப்பு மட்டும் வெயில். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கு. வத்த வத்த முதல்ல சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும். தண்ணி பத்துல ஒரு பங்கா சுண்டும்போதுதான் சமையல் உப்பு விளையும். மிச்சத் தண்ணியில மெக்னீசிய உப்பு நிக்கும். அதை வடிச்சு விடலைன்னா உப்பு கசக்கும்.

கடலும் வெயிலும் யாருக்கும் சொந்தம் இல்ல. ஆனா 1805ல கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன்னோட ஏகபோகமாக்கிடுச்சு. அப்புறம் வந்த பிரிட்டிஷ் அரசும் விடலை. கடலோரத்துக் குடிசையில ஒரு அம்மா கடல் தண்ணியைச் சட்டியில காய்ச்சி உப்பு எடுத்தா, அது குற்றம்! ஜமீன்தாருக்கும் கூலிக்காரருக்கும் உப்பு வரி ஒண்ணுதான். வெயில்ல வேலை செஞ்சு, வியர்வையில உப்பை இழந்து, கஞ்சியில உப்பு போட்டுக் குடிக்கிறவருக்குத்தான் அது அதிகமா வலிச்சது.

1930 ஏப்ரல் 13 அன்னைக்கு ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோட திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்க ஆரம்பிச்சார். ஏப்ரல் 30ல உப்பு எடுத்துக் கைதானார். 1931 மார்ச்ல காந்தி-இர்வின் ஒப்பந்தம். உப்பு கிடைக்கிற ஊர்க்காரங்க, வீட்டுத் தேவைக்கும் ஊருக்குள்ள விக்கவும் உப்பு எடுத்துக்கலாம்னு அரசு இறங்கி வந்துச்சு. வரி முழுசா போனது 1947லதான்.

கரைஞ்ச உப்பைத் தண்ணி திருப்பிக் கொடுத்துடும். மக்கள்கிட்டேர்ந்து எடுத்த உரிமையை அரசு திருப்பிக் கொடுக்க 142 வருஷம் ஆச்சு. அடுத்த தடவை மாமல்லபுரம் போறப்போ, அந்த வெள்ளைக் குவியல் பக்கத்துல ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!