பத்தொன்பதாம் சேனலில் யார்?

1973 டிசம்பர் 3. பென்சில்வேனியாவின் மலைப்பகுதியில் பிளேக்ஸ்லீ என்ற சிற்றூருக்கு அருகே, இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில் ஒரு லாரி நின்றது. ஓட்டி வந்தவர் கான்சாஸ்காரர். வானொலியில் அவருக்கு 'ரிவர் ராட்' என்று பெயர். வழியில் இருந்த பங்குகளில் டீசலை அளந்துதான் ஊற்றினார்கள். விலையோ நாளுக்கு நாள் ஏறியது. டேங்க் வற்றும் நேரத்தில் மைக்கைக் கையில் எடுத்துத் தன் பாட்டைச் சொன்னார். பின்னால் வந்தவர்களுக்கும் அதே பாடுதான். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நூற்றுக்கணக்கான லாரிகள் சாலையை அடைத்து நின்றன. அடுத்த சில நாட்களில் ஒஹையோ உள்ளிட்ட மாநிலங்களுக்கும் மறியல் பரவியது. எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை, துண்டறிக்கை எதுவும் அடிக்கப்படவில்லை. பத்திரிகைகள் துருவிப் பார்த்தபோதுதான், சி.பி. ரேடியோ என்று ஒன்று லாரிகளில் ஓசையில்லாமல் குடியேறியிருப்பது பல அமெரிக்கர்களுக்குத் தெரியவந்தது.

'சிட்டிசன்ஸ் பேண்ட்' என்பதன் சுருக்கம் சி.பி. இதைக் கொண்டுவந்தவர்களின் மனதில் லாரிக்காரர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. டொரன்டோவில் பிறந்து கிளீவ்லாந்தில் வளர்ந்த ஆல் கிராஸ், 1938இல் இருபது வயதில் கையடக்க வாக்கி-டாக்கி ஒன்றைச் செய்தார். போர்க்காலத்தில் அமெரிக்க உளவுத்துறைக்காக, தரையில் இருப்பவர் விமானத்தோடு இரகசியமாகப் பேசும் கருவியை வடிவமைத்தார். போர் முடிந்ததும் சாதாரணக் குடிமக்களுக்கும் அலைவரிசையில் ஓர் இடம் தரலாம் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. முடிவு செய்தது. 1948இல் கிராஸின் கருவி ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், அடுத்தபடியாகக் கடலோரக் காவல்படை. டிக் டிரேசி சித்திரக்கதையில் துப்பறிவாளர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பேசும் ரேடியோகூட, அதன் ஓவியர் செஸ்டர் கூல்ட் கிராஸின் பட்டறைக்குப் போய்ப் பார்த்ததன் விளைவுதான்.

அந்த முதல் அலைவரிசை 460 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது. அன்றைய வால்வு யுகத்தில் அந்த உயரத்தில் வேலை செய்யும் கருவிகளுக்குச் செலவு அதிகம். 1958இல் எஃப்.சி.சி. கீழே இறங்கி வந்தது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் வைத்திருந்த 11 மீட்டர் அலைவரிசையைப் பிடுங்கி, 27 மெகாஹெர்ட்ஸ் அருகே 23 சேனல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அமெச்சூர்களுக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் தீரவில்லை. பிளம்பர் தன் கடையோடும் பண்ணைக்காரர் வீட்டோடும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்பதே திட்டம். விதிகளும் அதற்கேற்ப இருந்தன: உரிமம் வேண்டும், எழுத்தும் எண்ணும் கலந்த அழைப்புக் குறியைச் சொல்லித்தான் பேச வேண்டும், வெட்டிப் பேச்சு கூடாது, 4 வாட்டுக்கு மேல் சக்தி கூடாது, 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு பேசவே கூடாது. பிற்பாடு இவை ஒவ்வொன்றும் பட்ட பாட்டைப் பார்த்தால், சட்டம் எழுதியவர்கள் மேல் ஒரு பரிதாபம் வரத்தான் செய்கிறது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட்டன. 1974 ஜனவரி 2 அன்று, நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்ற சட்டத்தில் நிக்சன் கையெழுத்திட்டார். சொந்த லாரி வைத்து ஓட்டுபவருக்கு மைல் கணக்கில்தான் வருமானம். பாலைவனத்தில் நேர்கோடாகக் கிடக்கும் சாலையில் 55இல் ஊர்ந்தால் ஒரு நாளைக்கு ஓடும் தூரம் குறையும், வண்டிக் கடனின் தவணை மட்டும் குறையாது. ஆகவே வேகமாக ஓட்டினார்கள். ரேடாரோடு போலீஸ் எங்கே ஒளிந்திருக்கிறது, எந்தப் பங்கில் டீசல் கிடைக்கிறது, எடை மேடை திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் எதிரில் வருபவர் சொல்லிவிட்டுப் போனார். அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த மாநில போலீஸுக்குக் 'கரடி' என்று பெயர் வந்தது. காட்டுத்தீ எச்சரிக்கை விளம்பரங்களில் வரும் ஸ்மோக்கி கரடிக்கும் அதே தொப்பிதான். ஹெலிகாப்டரில் வந்தால் 'வானத்துக் கரடி'.

இதற்கு லாரியில் கருவியைப் பொருத்துவது தனி வித்தை. கருவி சின்னது, டேஷ்போர்டுக்குக் கீழேயோ, கேபினின் மேற்கூரையிலோ தொங்கும். மின்சாரத்தை சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுப்பவரைக் கண்டால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நேராக பேட்டரியிலிருந்து, ஃபியூஸ் வைத்து, தனி வயர் இழுக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரின் ஊளை ஸ்பீக்கரில் வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க சுருதி ஏறும்.

உண்மையான சோதனை ஆன்டெனாவில். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி நன்றாக வேலை செய்யும், அப்படியென்றால் 2.75 மீட்டர், ஓர் ஆளைவிட ஒரு மீட்டர் உயரம். கூரையில் நட்டால் பாலத்தில் இடிக்கும். பின் பம்பரில் ஸ்பிரிங் வைத்து நட்டவர்கள் உண்டு. மற்றவர்கள் நீளத்தை வெட்டி, குறைந்த நீளத்துக்கு ஈடாகச் சுருள் சுற்றிய குட்டை ஆன்டெனாவை வாங்கினார்கள். கம்பி பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பாதியை வண்டியின் இரும்பு உடம்பு செய்கிறது. அதனால்தான் கார் கூரையின் நடுவில் வைத்த ஆன்டெனா எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பேசும். ஒரு மூலையில் வைத்தால் எதிர் மூலையை நோக்கிச் சாயும்.

லாரியில் ஆன்டெனாவுக்கு இடம் பக்கவாட்டுக் கண்ணாடியின் சட்டம். அங்கேதான் சிக்கல். கண்ணாடி கதவில் இருக்கிறது; கதவு தொங்குவது கிரீஸும் பெயின்ட்டும் பூசிய கீலில். பார்வைக்கு எல்லாம் இரும்பு, மின்சாரத்துக்கு அது அறுந்த பாதை. தேர்ந்த மெக்கானிக், பிராக்கெட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் உலோகத்தைக் காட்டுவார். கதவிலிருந்து கேபினுக்குப் பின்னிய செம்புப் பட்டை ஒன்றைக் கட்டி எர்த் கொடுப்பார். பிறகு கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டுவார். அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று அது காட்டும். கதவுகளைச் சாத்தி, கட்டடங்களைவிட்டு விலகி, ஆள் யாரும் ஆன்டெனா பக்கம் நிற்காமல் அளக்க வேண்டும். கடைசி சேனலைவிட முதல் சேனலில் முள் அதிகம் ஏறினால் ஆன்டெனா குட்டை. கடைசியில் அதிகம் ஏறினால் நெட்டை. நெட்டையென்றால் நுனியை அரை விரல்கடைக்கும் குறைவாக நறுக்கி மறுபடி அளப்பார்கள். 1.5க்குள் வந்தால் திருப்தி. 3ஐத் தாண்டிய பிறகும் பேசிக்கொண்டே இருந்தால், கருவியின் கடைசி டிரான்சிஸ்டர் சூடேறி உயிரைவிடும்.

லாரியின் இரண்டு கண்ணாடிகளிலும் பக்கத்துக்கொன்றாக ஆன்டெனா நிற்பது அழகுக்கு என்றுதான் பலர் நினைத்தார்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மீட்டர் இருந்தால், சக்தி சாலையின் முன்னும் பின்னுமாக நீண்டு பரவும். வயலைப் பார்த்துப் பேசி வீணாவது குறையும். லாரியின் அகலம் அதற்குக் கச்சிதம். அதைப் பார்த்துவிட்டுச் சின்னக் காரின் இரு ஓரங்களிலும் இரட்டை ஆன்டெனா நட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பார்ப்பதற்கு அவர்கள் வண்டி கொம்பு முளைத்த ஆட்டுக்குட்டி போல இருந்தது, அவ்வளவுதான்.

சேனல் விஷயத்திலும் ஓட்டுநர்கள்தான் முடிவு செய்தார்கள். 9ஆம் சேனலை எஃப்.சி.சி. அவசர உதவிக்கென்று ஒதுக்கியது. 1962இல் தொடங்கிய 'ரியாக்ட்' அமைப்பின் தொண்டர்கள் வீடுகளில் உட்கார்ந்து விபத்துச் செய்தி கேட்டார்கள். லாரிக்காரர்கள் அப்போது கூடியது 10இல். பக்கத்து சேனல் பேச்சு 9க்குள் கசிந்து இடைஞ்சல் செய்ததால் மெல்ல 19க்கு இடம்பெயர்ந்தார்கள். மேற்குக் கரையில் சில சாலைகளில் 17 நிலைத்தது. 19ஐ லாரிகளுக்கு என்று எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. இன்றும் இல்லை.

அதன்பின் பொதுமக்கள் பாய்ந்தார்கள். 1975 மார்ச்சில் உரிமக் கட்டணம் 20 டாலரிலிருந்து 4 டாலராக இறங்கியது. அந்த ஆண்டு இறுதியில் 'கான்வாய்' என்ற பாட்டு வெளிவந்து, 1976 ஜனவரியில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடியவர் பெயர் சி.டபிள்யூ. மெக்கால். அப்படி ஒரு லாரி டிரைவர் கிடையாது. ஒமாஹாவில் விளம்பரத் தொழிலில் இருந்த பில் ஃபிரைஸ், ரொட்டி விளம்பரம் ஒன்றுக்காகக் கற்பனை செய்த ஆள் அவர். கணக்காளர்களும் இல்லத்தரசிகளும் தென்மாநில லாரிக்காரர் குரலில் பேசப் பழகியது ஒரு விளம்பரக்காரர் தயவில். அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு 'ஃபர்ஸ்ட் மாமா' என்று வானொலிப் பெயர். 1977இல் 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' படம் வசூலில் 'ஸ்டார் வார்ஸ்'க்கு அடுத்த இடத்தில் நின்றது.

விண்ணப்பங்கள் எஃப்.சி.சி. அலுவலகத்தில் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. உரிமம் வந்து சேரும் வரை யார் காத்திருப்பது? பெட்டியைப் பிரித்த அன்றே பேசத் தொடங்கினார்கள். அழைப்புக் குறியைச் சொன்னால் ஆணையத்திடம் மாட்டிக்கொள்ளலாம், 'ரிவர் ராட்' என்றால் யாரைப் போய்ப் பிடிப்பது? புனைபெயர்ப் பழக்கம் செழித்ததற்கு விளையாட்டுக் குணம் பாதி, இந்தக் காரியவாதம் பாதி. 1977 ஜனவரியில் கட்டணத்தைக் கைவிட்ட ஆணையம், 1983இல் தனிநபர் உரிமத்தையே எடுத்துவிட்டது. தோல்வியை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் அரசுத் துறைகள் குறைவு.

250 கிலோமீட்டர் விதியைச் சூரியனே மதிக்கவில்லை. சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை மேல்வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். 1970களின் கடைசியில் அந்தச் சுழற்சி உச்சத்துக்குப் போனது. நல்ல நாளில் 4 வாட்டே கடல் கடக்கும். பொறுமை இல்லாதவர்கள் சட்டவிரோதப் பெருக்கியை இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்து நூற்றுக்கணக்கான வாட் ஏற்றினார்கள். அதற்குக் 'கால் சூடாக்கி' என்று செல்லப்பெயர்.

வியாபாரம் சரிந்தது மோகத்தின் உச்சியில். 1977 ஜனவரி 1 முதல் சேனல்கள் 40 ஆகும் என்று முந்தைய ஜூலையில் அறிவித்ததும், கடைகளில் இருந்த 23 சேனல் கருவிகளைச் சீந்துவார் இல்லை. அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். புதிய 40 சேனல் கருவிகளும் எதிர்பார்த்தபடி போகவில்லை. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் இயங்கிய ஹை-கெயின் நிறுவனம் 1978இல் திவாலானது.

மற்ற நாடுகளிலும் சட்டம் பின்னால்தான் ஓடியது. பிரிட்டனில் கடத்தி வந்த அமெரிக்கக் கருவிகளில் ஆயிரக்கணக்கானோர் பேசிய பிறகு, 1981 நவம்பர் 2 அன்று அரசு அனுமதி தந்தது, ஆனால் எஃப்.எம். முறையில், வேறு அலைவரிசையில். கையில் இருந்த கருவி ஒன்றும் அதற்கு ஒத்துவரவில்லை. அமெரிக்கர்களின் ஏ.எம். முறை அங்கே சட்டபூர்வமாக 2014 ஆகிவிட்டது. ஆஸ்திரேலியா 1977இல் திறந்துவிட்டதோடு 477 மெகாஹெர்ட்ஸிலும் இடம் தந்தது. இன்றும் அங்கே லாரிகளின் பேச்சு அந்த அலைவரிசையின் 40ஆம் சேனலில்தான். இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005இல் உரிமத்திலிருந்து விலக்கு வந்தது. அதற்குள் நம் டிரைவர்கள் சட்டைப் பையில் செல்போன் ஏறிவிட்டது.

55 மைல் சட்டம் 1995இல் முற்றிலும் நீங்கியது. போலீஸ் நிற்கும் இடத்தை இப்போது செல்போன் செயலிகளே சொல்கின்றன. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 19ஆம் சேனல் மணிக்கணக்கில் வெறும் இரைச்சலாக ஓடுவதுண்டு. விபத்தால் சாலை அடைபட்டாலும் பனிப்புயல் அடித்தாலும் மறுபடி ஆள் சத்தம் கேட்கும்: எந்தத் தடத்தில் நகரலாம், எந்த வழியில் இறங்கலாம் என்று, பெயர் தெரியாத ஒருவர் அரை கிலோமீட்டர் முன்னாலிருந்து சொல்வார். 2012 ஜனவரியில் லாரி டிரைவர்கள் ஓட்டும்போது செல்போனைக் கையில் எடுக்க மத்திய அரசு தடை போட்டபோது, சி.பி. மைக் அந்தத் தடைக்குள் வரவில்லை. 2021இல் எஃப்.சி.சி. அமெரிக்காவிலும் எஃப்.எம். முறையை அனுமதித்தது. நெடுந்தூர லாரிகள் பலவற்றில் இன்றும் சி.பி.க்கான மின் இணைப்பும் ஆன்டெனா கேபிளும் தொழிற்சாலையிலேயே இழுத்து வைக்கப்பட்டு வருகின்றன. கருவியை வாங்குவதும், எஸ்.டபிள்யூ.ஆர். பார்ப்பதும் டிரைவர் பாடு.