ஒரு வளவில் பல பெயர்

கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி பிரிகின்ற சந்தியும், தென்மராட்சியின் தேங்காயும் பலாப்பழமும் வந்து குவிகின்ற சந்தையும், புகைவண்டி நிலையமும் கொடிகாமத்துக்குப் பெயர் தந்தவை. இவ்வூரில் ஒரு வீட்டின் மூலையிலே சிறு கணினியொன்றை வைத்து, கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, சனசமூக நிலையத்துக்கு ஒன்று என நாலைந்து இணையத்தளங்களை அங்கிருந்தே உலகத்துக்கு வழங்க இயலுமா? இன்று இயலும். அது எவ்வாறு இயல்வதாயிற்று என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் கணினியைச் சேவையகம் என்பர். உலகின் முதலாவது இணையச் சேவையகம் 1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவா நகரின் அருகேயுள்ள சேர்ன் ஆய்வுநிலையத்தில், ரிம் பேர்னேர்ஸ் லீ என்பாரின் மேசைமேல் இயங்கியது. மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று அதன்மேல் ஓர் எச்சரிக்கைத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. மாளிகை போன்ற கட்டடமெதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஆகவே, வீட்டில் சேவையகம் வைப்பது பிற்காலத்தவரின் விநோத ஆசையன்று. இணையம் பிறந்தபோதே அதனோடு பிறந்த இயல்பு எனலாம்.

ஆயினும் ஓர் இடர் இருந்தது. இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. பழைய முறைப்படி அம்முகவரிகள் ஏறக்குறைய 430 கோடியே. தொடக்கக் காலத்தில், தளத்தை நாடி வரும் வேண்டுகோளில் எந்தப் பக்கம் வேண்டும் என்பது மட்டுமே எழுதப்பட்டிருந்தது. எந்தத் தளத்தின் பக்கம் என்பது எழுதப்படவில்லை. நம்மூர் வளவொன்றை எண்ணிப் பாருங்கள். ஒரே படலை, உள்ளே தமையன் வீடு, தங்கை வீடு, பேரன் வீடு. உறையின்மேல் வளவின் இலக்கம் மட்டும் இருந்தால் தபாற்காரர் கடிதத்தை எவரிடம் கொடுப்பார்? இதனால் தளத்துக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. பல தளம் வைப்போர் பல முகவரிகளைப் பெறவேண்டியிருந்தது.

1997ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த எச்.ரி.ரி.பி. 1.1 என்னும் விதிமுறை இதனைத் தீர்த்தது. வேண்டுகோள் ஒவ்வொன்றிலும் நாடும் தளத்தின் பெயரையும் ஒரு வரியில் எழுதுதல் கட்டாயமாயிற்று. அந்த ஒரு வரியே ஒரு வளவில் ஆயிரம் பெயர் வாழ வழிவகுத்தது. 1995இல் தோன்றி இலவசமாகக் கிடைத்த அப்பாச்சி என்னும் மென்பொருளில், பெயருக்கு ஓர் அறை ஒதுக்கிச் சில வரிகள் எழுதினால் போதும். பின்னர், இரகசியம் காக்கும் பூட்டிய இணைப்புகள் பெருகியபோது பழைய இடர் மீண்டும் தலைகாட்டியது. உறையைப் பிரிக்குமுன் உள்ளிருக்கும் பெயரை அறிவது எங்ஙனம்? 2003இல் வந்த விதி பெயரை உறையின் புறத்தே எழுதச் செய்தது. பழைய உலாவிகள் வழக்கொழியும் வரை அதன் முழுப்பயன் கிட்டவில்லை.

மேலைநாட்டில் இவை நிகழ்ந்த காலத்தில் கொடிகாமத்தின் நிலை யாது? 1990இல் போர் மூண்டதும் புகைவண்டி நின்றது. குடாநாட்டுக்கு மின்சாரமும் அற்றது. மின்கலங்கள் தடைப்பொருளாயின. மக்கள் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். செய்தி முடியும்வரை ஒருவர் கை ஓயாமற் சுற்றவேண்டும்! 2000ஆம் ஆண்டுப் போரிலே தென்மராட்சி மக்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். வீட்டுக்கே உறுதியில்லாத ஊரில் வீட்டுச் சேவையகத்தை எவர் எண்ணுவார்?

ஆகவே ஈழத்தமிழரின் எழுத்துகள் அக்காலத்தில் பிறர் வீட்டிலேயே குடியிருந்தன. ஜியோசிற்றீஸ் என்னும் இலவச இடத்தில் உலகெங்குமிருந்து தமிழர் பலர் பக்கங்கள் அமைத்தனர். 2009 ஒக்டோபரில் அதன் உரிமையாளரான யாகூ நிறுவனம் அதனை மூடியபோது, வேறிடத்தில் படியெடுத்து வைக்கப்படாதவை அழிந்தன. இரவல் வீட்டின் இயல்பு அதுவே. ஆனால் சொந்த வீடு மட்டும் காக்கும் என்பதற்கும் இல்லை. 1981 சூன் முதலாம் நாளையொட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பிரதியில்லாத ஏடுகள் போயின, போயினவே. 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் தொடக்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து எவரும் இறக்கிக்கொள்ள வைத்ததன் அருமை இங்கேதான் விளங்கும். இறக்கிக்கொண்ட ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரதி உண்டல்லவா?

2012இல் ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவான கணினி 35 அமெரிக்க டொலருக்கு வெளிவந்தது. கைத்தொலைபேசிக்கு ஊட்டும் மின்சாரம் போன்ற சிறு மின்சாரமே அதற்குப் போதும். 2014 ஒக்டோபரில் புகைவண்டி கொடிகாமத்தைக் கடந்து மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. கருவியும் வந்தது, அமைதியும் வந்தது. ஆனால் முகவரி தீர்ந்துபோயிற்று. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியத்தின் இறுதி முகவரித் தொகுதிகள் பங்கிடப்பட்டுவிட்டன. இன்று இணைப்பு வழங்குவோர் பலர் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றனர். அவ்வாறான வீட்டிலிருந்து வெளியே போகலாம். வெளியார் உள்ளே வர இயலாது. மேலதிகக் கட்டணம் செலுத்தித் தனி முகவரி பெறுதல் ஒரு வழி. வீட்டுக்கணினியே வெளியிலுள்ள இடைநிலையம் ஒன்றுக்குச் சுரங்கம்போல் இணைப்பு அமைத்து, வருவோரை அதன்வழி அழைத்தல் மற்றொரு வழி. இரண்டாவதில் மீண்டும் பிறரை நம்பவேண்டியிருப்பதை மறத்தலாகாது.

2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. அத்தகைய நாளில் வீட்டுக்கணினியை மோட்டார் வண்டியின் மின்கலமும் கூரைமேலுள்ள சூரியத் தகடும் காத்துவிடும். தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலம் ஓய்ந்தால் அதனாற் பயனில்லை. ஆனால் சிறு தளங்கள் நாலைந்தின் உள்ளடக்கம் முழுவதும் விரல்நகம் அளவான அட்டையொன்றில் அடங்கும். கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் ஒருவர் வீட்டில் அதே கணினியும் அதே அட்டையும் இருக்குமாயின், தளங்களின் பெயர்களை அவ்வீட்டு முகவரிக்குத் திருப்பிவிட்டு, கொடிகாமத்தில் மின்சாரம் மீண்டதும் மறுபடி இவ்வீட்டுக்கே மாற்றிக்கொள்ளலாம்.