ஆட்டக்காரர் கொலை (இணைய விளையாட்டு)

பலர் இணையம்வழி ஒரே கற்பனை உலகில் உலவும் பாத்திர விளையாட்டுகளில், ஒருவரின் பாத்திரத்தை இன்னொருவர் அவர் சம்மதமில்லாமலே தாக்கிக் கொல்வது. செய்பவருக்குப் ‘பிளேயர் கில்லர்’, சுருக்கமாகப் ‘பிகே’ என்று பெயர்.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ விளையாட்டிலேயே இது உண்டு. படம் கிடையாது, எழுத்து மட்டும். சண்டையில் மாண்ட பாத்திரம் அடியோடு அழிந்துவிடும். பல வார உழைப்பும் அதோடு போகும். ஆனாலும் அது சிறு கூட்டம், ஆட்களுக்குள் பழக்கம் இருந்தது. அத்துமீறியவனுக்குப் பெயர் கெட்டுப்போகும் என்ற பயம் கொஞ்சமாவது வேலை செய்தது.

1997 செப்டம்பரில் ஆரிஜின் நிறுவனம் வெளியிட்ட ‘அல்டிமா ஆன்லைன்’ ஆயிரக்கணக்கான அந்நியர்களை ஒரே நிலத்தில் இறக்கிவிட்டது. நகர எல்லைக்குள் கொலைக்குத் துணிந்தவனைக் காவலர்கள் நொடியில் வீழ்த்துவார்கள். எல்லையைத் தாண்டினால் கேட்பாரில்லை. செத்தவர் ஆவியாகத் திரிய, அவர் உடைமைகள் பிணத்தோடு கிடக்கும், யார் வேண்டுமானாலும் அள்ளலாம். சுரங்க வாயில்களில் பிகேக்கள் காத்திருந்தார்கள். வலை இழுத்து வந்தவனின் மீனைக் கரையில் நின்று பறிப்பது மாதிரி, தாது வெட்டி முடித்தவனை அடிப்பதே லாபம். படைத்தவருக்கும் விலக்கில்லை: 1997 ஆகஸ்ட் 9 அன்று, சோதனை ஓட்டத்தின்போது, ரிச்சர்ட் கேரியட் ஏற்றிருந்த மன்னர் ‘லார்ட் பிரிட்டிஷ்’ பாத்திரத்தை ‘ரெயின்ஸ்’ என்ற ஆட்டக்காரர் நெருப்பு மந்திரத்தால் கொன்றார். சாகாவரத்தை இயக்கிவைக்க மன்னர் மறந்திருந்தார்.

ஆட்டக்காரர்களே கூடி நீதி வழங்கிக்கொள்வார்கள் என்பது ராஃப் கோஸ்டர் தலைமையிலான வடிவமைப்பாளர்களின் எதிர்பார்ப்பு. அது நடக்கவில்லை, நடந்திருக்கவும் முடியாது என்றே தோன்றுகிறது. கொல்லப்பட்டவர் இழப்பது ஒரு மாலைப் பொழுதின் உழைப்பை. கொலைகாரனைப் பழிவாங்கினாலோ, அவன் உயிர்த்தெழுந்து மறுபடி வருவான். கொலைக்கணக்கு ஐந்தானால் பெயர் சிவப்பாகும், தலைக்கு விலை வைக்கலாம் என்றெல்லாம் விதிகள் வந்தன. விதிகளை வளைப்பதே சிலருக்குப் புது விளையாட்டானது.

கடைசியில் 2000இல் நிறுவனம் உலகையே இரண்டாக்கியது. ‘டிராமெல்’ நிலத்தில் சம்மதமில்லாமல் தாக்க முடியாது. ‘ஃபெலுக்கா’வில் பழைய சட்டமே. ஃபெலுக்காவுக்கு மொட்டை மரங்களையும் கல்லறைகளையும் வரைந்துவைத்தார்கள். பெருங்கூட்டம் டிராமெலுக்குக் குடிபெயர்ந்தது, சந்தாதாரர் எண்ணிக்கையும் ஏறியது. ஆடுகள் ஓடிவிட்டதாக ஓநாய்கள் புலம்பின. அந்தப் புலம்பல் இன்றும் ஓயவில்லை.

வேலி கட்டும் வழக்கத்தை 1999இலேயே ‘எவர்குவெஸ்ட்’ காட்டியிருந்தது: பொதுவான சர்வர்களில் தானாக முன்வந்தவர்களுக்குள் மட்டுமே சண்டை, ‘ரல்லோஸ் ஸெக்’ போன்ற தனி சர்வரில் சம்மதம் இல்லாமலே தாக்கலாம். அதே ஆண்டு வெளிவந்த ‘ஆஷரன்ஸ் கால்’ இந்த வெறியை ‘டார்க்டைட்’ சர்வருக்குள் ஒதுக்கியது. தென்கொரியாவின் ‘லினியேஜ்’ (1998) வேறு பாதையில் போய், கொலைவெறியைக் குழுக்களின் கோட்டை முற்றுகைக்குத் திருப்பியது. ‘ஈவ் ஆன்லைன்’ (2003) இன்றும் பழைய மரபுக்கு மிக நெருக்கமானது. அங்கே பாதுகாப்பான விண்வெளியிலும் சுடலாம். காவல்படை வந்து சுட்டவரின் கப்பலை அழிக்கும், செத்தவரின் கப்பல் திரும்பாது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் திறந்தது. அதுவும் நிமிடக் கணக்கில் காசு கரையும் டயல்-அப். 2000களின் நடுவில் ‘லெவல் அப்’ நிறுவனம் ‘ராக்நராக் ஆன்லைன்’ விளையாட்டை இங்கே கொண்டுவந்தபோது, அதில் ஆளை ஆள் அடிக்கத் தனி அரங்குகளும் ‘கில்டு’ எனும் ஆட்டக்காரர் குழுக்களின் போருக்குக் குறித்த நேரமும் இருந்தன. வேலி போட்ட பிறகே நம் பிரவுசிங் சென்டர் தலைமுறை உள்ளே நுழைந்தது.