கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் கலைப்பும் ரசிகர்களும்

கிரேட்ஃபுல் டெட் என்பது 1965இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கி முப்பது ஆண்டுகள் இயங்கிய ராக் இசைக்குழு. முன்னணிக் கிதார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறந்தபின், அதே ஆண்டு டிசம்பரில் குழு கலைக்கப்பட்டது. ‘டெட்ஹெட்’ எனப்படும் அதன் ரசிகர்கள் இழப்புக்காகத் துக்கம் கொண்டாடியதோடு நிற்காமல், தங்களுக்குள் இருந்த ஒலிப்பதிவுப் பரிமாற்றத்தையும் ஊர்விட்டு ஊர் சென்று இசை கேட்கும் வழக்கத்தையும் விடாமல் தொடர்ந்தனர்.

பின்னணி

கார்சியா, பாப் வியர், ஃபில் லெஷ், பில் க்ரொய்ட்ஸ்மன், ரான் மெக்கர்னன் ஆகியோர் குழுவின் தொடக்க உறுப்பினர்கள். மிக்கி ஹார்ட் 1967இல் சேர்ந்தார். குழு 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தியது. பாடல் வரிசை ஒவ்வொரு இரவும் மாறும். ஒரே பாட்டும் மேடைக்கு மேடை வேறு வடிவம் எடுக்கும். அதனால் ஒரே சுற்றுப்பயணத்தின் பல கச்சேரிகளை அடுத்தடுத்துக் கேட்பது ரசிகர்களின் வழக்கமானது. அரங்கின் வாகன நிறுத்துமிடத்தில் சாயமிட்ட சட்டைகளும் சுடச்சுடச் சீஸ் சாண்ட்விச்சும் விற்று, அந்த வருமானத்திலேயே அடுத்த ஊருக்குப் போனவர்களும் உண்டு.

1971இல் வெளியான ஒரு நேரலை இசைத்தட்டின் உறையில், ரசிகர்கள் தங்கள் முகவரியை அனுப்பிவைக்குமாறு குழு கேட்டிருந்தது. அப்படித் தொடங்கிய அஞ்சல் பட்டியல் குழுவையும் ரசிகர்களையும் நேரடியாக இணைத்தது. 1984 முதல் கச்சேரிகளில் ஒலிப்பதிவு செய்வோருக்குத் தனி இடமே ஒதுக்கப்பட்டது. உயரமான கம்புகளில் மைக்குகளைக் கட்டி அவர்கள் பதிவு செய்தனர். இந்தப் பதிவுகளைக் காசுக்கு விற்பது தகாது என்பது ரசிகர்களிடையே எழுதாத விதி. பதிவு வேண்டுவோர் வெற்றுக் கேசட்டையும் திருப்பி அனுப்புவதற்கான அஞ்சல் செலவையும் அனுப்பினால் போதும்.

கடைசிச் சுற்றுப்பயணம்

1987இல் ஒரு பாடல் அமெரிக்கத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்ததும் கூட்டம் பெருகியது. டிக்கெட் இல்லாதவர்களும் அரங்குகளின் வெளியே திரண்டனர். 1995 ஜூலை 2 அன்று இண்டியானா மாநிலத்தின் டியர் கிரீக் அரங்கில் பலர் வேலியை உடைத்து உள்ளே புகுந்ததால் மறுநாள் கச்சேரி ரத்தானது. இது தொடர்ந்தால் சுற்றுப்பயணமே நின்றுவிடும் என்று குழு ரசிகர்களுக்குக் கடிதம் எழுதியது. ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் நடந்ததே குழுவின் கடைசிக் கச்சேரி.

துக்கமும் கலைப்பும்

ஆகஸ்ட் 9 அன்று, போதைப்பழக்க மீட்பு மையம் ஒன்றில் கார்சியா மாரடைப்பால் இறந்தார், வயது 53. செய்தி பரவியதும் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்–ஆஷ்பரி சந்திப்பில் ரசிகர்கள் மலர்களும் மெழுகுவத்திகளுமாகக் கூடினர். நகர மன்றக் கட்டடத்தில் சாயமிட்ட கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. ஆகஸ்ட் 13 அன்று கோல்டன் கேட் பூங்காவில் நடந்த அஞ்சலிக்குச் சுமார் 25,000 பேர் வந்தனர். ஒலிபெருக்கியில் பழைய கச்சேரிப் பதிவுகள் ஒலிக்க, அழுதவர்களும் ஆடியவர்களும் ஒரே கூட்டத்தில் இருந்தனர்.

கார்சியாவுக்குப் பதில் வேறொருவரை அமர்த்துவதா, நிறுத்திவிடுவதா என்பது அடுத்த சில மாதங்களில் விவாதப்பொருளானது. அந்தப் பெயரில் இனிக் கச்சேரி நடத்துவதில்லை என்று டிசம்பரில் உறுப்பினர்கள் அறிவித்தனர். 1996 ஏப்ரலில் கார்சியாவின் அஸ்தியில் ஒரு பகுதி இந்தியாவின் ரிஷிகேஷில் கங்கையில் கரைக்கப்பட்டது.

கலைப்புக்குப் பின்

ரசிகர்களில் ஒரு பகுதியினர் பயணத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டனர். வேறு பலர் ஃபிஷ் போன்ற குழுக்களின் பக்கம் போனார்கள். 1997இல் சிகாகோவில் தொடங்கிய டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா, பழைய கச்சேரி ஒன்றைத் தேர்ந்து அதன் பாடல்களை அதே வரிசையில் வாசித்து வருகிறது. கேசட்டில் நடந்த பரிமாற்றம் இணையத்துக்கு மாறியது.

2005 நவம்பரில் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்திலிருந்த குழுவின் பதிவுகளைத் தரவிறக்க முடியாதபடி குழுவின் தரப்பிலிருந்து தடை வந்தது. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துகள் குவிந்தன. குழுவின் பொருள்களை வாங்கமாட்டோம் என்ற எச்சரிக்கையும் எழுந்தது. தமக்குத் தெரியாமல் எடுத்த முடிவு இது என்று லெஷ் ரசிகர்களின் பக்கம் நின்றார். சில நாட்களில், பார்வையாளர்கள் எடுத்த பதிவுகள் தரவிறக்கத்துக்குத் திரும்பின. மேடைக் கலவைக் கருவியிலிருந்து எடுத்த பதிவுகளைத் தளத்திலேயே கேட்க மட்டும் அனுமதி கிடைத்தது.

எஞ்சிய உறுப்பினர்கள் தி அதர் ஒன்ஸ், தி டெட், ஃபர்தர் என்ற பெயர்களில் வாசித்தனர். 2015இல் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரிகள் சான்டா கிளாராவிலும் சிகாகோவிலும் நடந்தன. சிகாகோவில் நாளொன்றுக்குச் சுமார் 70,000 பேர் கூடினர். அதே ஆண்டு கிதார் கலைஞர் ஜான் மேயருடன் உருவான டெட் அண்ட் கம்பெனி, கார்சியாவை மேடையில் பார்த்தேயிராத தலைமுறையையும் ஈர்த்தது. கிரேட்ஃபுல் டெட் உறுப்பினர்கள் 2008இலேயே குழுவின் ஆவணங்களைச் சான்டா குரூஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியிருந்தனர். டிக்கெட் கேட்டு ரசிகர்கள் ஓவியம் தீட்டி அனுப்பிய அஞ்சல் உறைகளும் அத்தொகுப்பில் ஆய்வாளர்களின் பார்வைக்கு உள்ளன.