மென்பொருள் உணரி

நேரடியாக அளக்க முடியாத, அல்லது அளக்க அதிகச் செலவும் நேரமும் பிடிக்கும் ஒரு மாறியை, எளிதில் அளக்கக்கூடிய பிற மாறிகளிலிருந்து கணித்துச் சொல்லும் கணினி நிரல். மென்னுணரி, மெய்நிகர் உணரி என்றும் வழங்கும்.

வகைகள்: இயற்பியல், வேதியியல் விதிகளின்படி அமைந்தவை, பழைய தரவுகளிலிருந்து புள்ளியியல் அல்லது நரம்பணு வலையமைப்பு முறையில் கற்பவை, இரண்டும் கலந்தவை. முதல் வகைக்கு ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிப்பானும், டேவிட் லூயன்பெர்கர் 1964இல் முன்வைத்த நிலைநோக்கியும் அடித்தளம்.

செயல்படும் விதம்: மின்வாகன பேட்டரியில் எஞ்சியுள்ள சார்ஜை நேராக அளக்க வழியில்லை. ஆகவே, உள்ளே வந்த, வெளியே சென்ற மின்னோட்டத்தை நேரவாரியாகக் கூட்டிக் கழிக்கிறார்கள். இதில் மின்னோட்ட உணரியின் சிறு பிழையும் நாளடைவில் பெருகிவிடும். கணித மாதிரி எதிர்பார்க்கும் மின்னழுத்தத்தை அளந்த மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கேற்ப மதிப்பைத் திருத்துவது கால்மன் வடிப்பானின் வேலை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில், சார்ஜ் குறைந்தாலும் மின்னழுத்தம் நெடுநேரம் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால் இத்திருத்தம் கடினம்.

பிற பயன்கள்: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வடிகோபுரத்தில் தட்டுகளின் வெப்பநிலையிலிருந்து விளைபொருளின் தூய்மையையும், நொதிகலனில் ஆக்சிஜன் நுகர்விலிருந்து நுண்ணுயிரிகளின் அளவையும் கணிக்கலாம்.

வரம்புகள்: மூலப்பொருள் மாறினாலோ, கருவி தேய்ந்தாலோ கணிப்பு உண்மையிலிருந்து விலகும். எனவே ஆய்வக முடிவுகளோடு ஒப்பிட்டு அவ்வப்போது மாதிரியைச் சரிசெய்வது கட்டாயம்.