ஒரே மாதிரி தழும்பு: பிரஸ்ஸல்ஸும் டான்யூப் கரையும்

கிட்னி பயாப்ஸி என்றால் ஒரு நோயாளியின் ரிப்போர்ட் என்றுதான் நினைத்திருந்தேன். பல பேருடைய ரிப்போர்ட்டைப் பக்கத்துல பக்கத்துல வைத்துப் பார்த்தால் ஓர் ஊரின் கதையே வெளிவரும் என்பது, சமீபத்தில் இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

1990களின் தொடக்கம், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ். ஐம்பது வயதுகூட ஆகாத பெண்கள் சிலருக்குக் கிட்னி வேகமாகச் செயலிழந்தது. விசாரித்தால், எல்லோரும் ஒரே கிளினிக்கில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்டவர்கள். பயாப்ஸியில் ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன. நுண்குழாய்கள் சுருங்கி, இடையில் எல்லாம் தழும்பு. சர்க்கரை நோயாக இருந்தால் முதல் அடி குளோமெருலஸுக்குத்தான் விழும்.

1993இல் வான்ஹெர்வெகம் குழு 9 பெண்களைப் பற்றி லான்செட் இதழில் எழுதியது. அந்த கிளினிக் 1990இல்தான் மருந்தில் சீன மூலிகைகளைச் சேர்த்திருந்தது. ஸ்டெஃபானியா வர வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா வந்துவிட்டது. சீனத்தில் ரெண்டு பேரிலும் 'ஃபாங் ஜி' உண்டு!

இந்தத் தழும்பு மருத்துவர்களுக்குப் புதுசு இல்லை. செர்பியா, குரோஷியா, போஸ்னியா, பல்கேரியா, ருமேனியாவில் டான்யூபின் கிளையாறுகளை ஒட்டிய கிராமங்களில் 1950களிலிருந்தே பதிவான ஒரு நோயிலும் ஏறக்குறைய இதேதான். ஒரே வீட்டில் பலருக்கு வரும், பக்கத்து ஊரில் ஒருவருக்கும் இருக்காது. தண்ணீர், உலோகம், பூஞ்சை, வைரஸ் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோக்கியாவின் விதை மாவோடு கலந்து ரொட்டியில் போயிருக்கிறது. குரோஷிய நோயாளிகளின் கிட்னி டிஎன்ஏவில் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் தடத்தை 2007இல் குரோல்மன் குழு காட்டியது.

பாதிப்பு கிட்னியோடு நிற்கவும் இல்லை. பிரஸ்ஸல்ஸ் நோயாளிகளில் 39 பேருக்குச் செயலிழந்த கிட்னியை முன்னெச்சரிக்கையாக எடுத்தபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். அந்த அமிலம் இவற்றிலும் இருக்கிறது. 'மூலிகைதானே, என்ன செய்யும்?' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

பயாப்ஸி தழும்பைக் காட்டும், செடியின் பெயரைச் சொல்லாது. பிரஸ்ஸல்ஸில் அது தெரிந்தது, 'என்ன சாப்பிட்டீங்க?' என்று ஒருவர் கேட்டதால்தான். டாக்டர் அப்படிக் கேட்டால் நாட்டு மருந்தையும் சேர்த்தே சொல்லுங்க.