பாதி பூமி சுற்றும் நோயாளிகள்

1943-ல நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கொல்ஃப், செல்லோஃபேன் குழாயைச் சுத்தி டயாலிசிஸ் இயந்திரம் செஞ்சார். 1960-ல சியாட்டில் நகர மருத்துவர் ஸ்கிரிப்னர், ரத்தக்குழாயிலேயே பொருத்தி வைக்கும் டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். அப்புறம்தான் வாராவாரம் டயாலிசிஸ் செஞ்சு வருஷக்கணக்கில் வாழ முடிஞ்சது. கூடவே அலைச்சலும் வாராவாரம் ஆச்சு.

நான் ஒரு கணக்கு போட்டேன். சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 65 கிலோமீட்டர். வாரம் 3 தடவை போய்வந்தா வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர், அதாவது பூமியைப் பாதி சுற்றும் தூரம். கடலூரோட நிறுத்திக்கிட்டாலும் 14,000.

2021-ல தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றுவழி டயாலிசிஸ் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோகுது. ஆனா அந்த முறை எல்லாருக்கும் ஒத்துவராது. மத்தவங்களுக்கு ஊர்ப்பக்கம் இயந்திரம் வேணும். தினம் ரெண்டு ஷிப்ட், வாரம் 6 நாள் ஓடினா ஒரே இயந்திரம் 4 பேரைப் பார்த்துக்கும். புதுச்சேரிக் கணக்குப்படி, வருஷத்துக்கு 80,000 கிலோமீட்டர் அலைச்சல் மிச்சம்.